பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்



இன்றைய பேச்சின் தலைப்பைக் கேட்டதும், தோட்டப் பள்ளி ஆசிரியருக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டு முன்பு நிற்பது நான்கு கதவுள்ள சாதாரணக் கார். ஆனால் எங்களிடம் படித்த பிள்ளைகள் வளர்ந்து, தொழிற்சாலைகளிலும், ஜொகூர் பாலம் கடந்து சிங்கப்பூரிலும் வேலைக்குப் போகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுச் சம்பளத்தில் கொஞ்சம் மிச்சம் பிடித்ததும், "சார், ஒரு கார் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு கதவு. நீங்கள் வந்து ஒரு பார்வை பார்த்தால் நல்லது" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். அப்படி வந்த ஒருவருக்கு நாங்கள் சரியாக வழிகாட்டத் தவறினோம். அந்தத் தவற்றிலிருந்து கற்றதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

2021 டிசம்பரில் பெய்த பெருமழையில் சிலாங்கூர் மாநிலத்தில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில், வீடுகளோடு எண்ணற்ற கார்களும் நீரில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு நடுவில், எங்கள் பழைய மாணவர் ஒருவர் நகரத்து வியாபாரி ஒருவரிடம் நீல நிற இரண்டு கதவுக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். விலை 16,000 ரிங்கிட். அதில் பாதி அவருடைய சேமிப்பு. மறுபாதி அவருடைய தாயார் கூட்டு போட்டு எடுத்த பணம். எங்கள் பள்ளி ஆசிரியர் இருவர் உடன் போனோம். சாயம் பளபளத்தது. கதவு நன்றாகச் சாத்தியது. எஞ்சின் உடனே உறுமியது. "சாரே பார்த்துட்டாங்க, பிறகென்ன?" என்று அந்தத் தாயார் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று மாதம் கழிந்தது. மழை நாளில் காருக்குள் சேற்று வாடை வரத் தொடங்கியது. பிறகு விளக்கு எரியவில்லை, கண்ணாடி இறங்கவில்லை. பட்டறைக்காரர் கால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் காய்ந்த வண்டல் மண். மின்கம்பிகளின் இணைப்புகளெல்லாம் பச்சைப் பாசி பிடித்தாற்போல அரித்துக் கிடந்தன. அந்தக் கார் வீட்டோரத்து மாமரத்தடியில் ஓராண்டு நின்று, கடைசியில் இரும்புக் கடைக்குப் போனது. கார் போன பிறகும் அந்தத் தாயார் மாதந்தோறும் கூட்டுப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். கால் விரிப்பைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை நாங்கள் செலவிடவில்லை.

இளைஞர்கள் இத்தகைய காரை விரும்புவது குற்றமா? இல்லை. பகலெல்லாம் இயந்திரத்தின் முன் நின்று உழைக்கும் பிள்ளைக்கு, தன் கைக்கு அடங்கி வளைந்து ஓடும் ஒரு காரின் மீது ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைத் திட்டி அடக்குவதைவிட, அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதே ஆசிரியர் கடமை என்று கருதுகிறோம்.

முதலாவதாக, ஸ்போர்ட்ஸ் கார் என்பது என்ன? பெரிய எஞ்சினும் பெருத்த ஓசையும் மட்டும் ஒரு காரை ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கிவிடுவதில்லை. குறைந்த எடை, திருப்பத்தில் தடுமாறாத சக்கரங்கள், மிதித்தவுடன் பிடிக்கும் பிரேக், இவையே அதன் உயிர். 1989-இல் மாஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்னும் சிறிய காரை வெளியிட்டது. அதன் எஞ்சின் 1.6 லிட்டர்தான், சுமார் 115 குதிரைத்திறன். ஆனால் காரின் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அதனால்தான் உலகமெங்கும் அதை ஓட்டியவர்கள் மகிழ்ந்தார்கள். இங்கிலாந்தில் லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மனும் வலுவைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதையே பெரிதாக எண்ணியவர்.

அந்த லோட்டஸ் நமக்கு அந்நியமானதன்று. 1996 முதல் 2017 வரை அது நம் நாட்டுப் புரோட்டோனின் கையில் இருந்தது. அக்காலத்தில் வந்த புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. என்னும் காரின் ஓட்டத்தைச் செம்மைப்படுத்தியவர்கள் லோட்டஸ் பொறியாளர்களே. பின்னர் 2006-இல் சத்ரியா நியோ வந்தது. 2015 வரை உற்பத்தியில் இருந்தது. சிக்கனமாக வாங்க நினைப்போர் முதலில் பார்க்க வேண்டியவை இத்தகைய உள்நாட்டு வண்டிகளே. சிறு நகரத்துப் பட்டறைக்காரருக்கும் அவற்றின் எஞ்சின் பழக்கம். உதிரிப் பாகங்களைத் தேடி அலைவதும் குறைவு. வெளிநாட்டுப் பழைய வண்டி ஒன்று மலிவாகக் கிடைத்தாலும், அதன் சிறு பாகம் ஒன்று வந்து சேரும்வரை வண்டி படுத்துக் கிடக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்கு. சத்ரியா ஜி.டி.ஐ. எஞ்சினின் கொள்ளளவு 1,834 சி.சி. தீபகற்ப மலேசியாவில் 1,800-க்கு மேல் 2,000 சி.சி. வரையுள்ள தனியார் கார்களுக்குச் சாலை வரி 280 ரிங்கிட். அத்துடன் 1,800-ஐத் தாண்டும் ஒவ்வொரு சி.சி.க்கும் 50 காசு. ஆக 297 ரிங்கிட். சத்ரியா நியோ 1.6-இன் கொள்ளளவு 1,597 சி.சி. அதற்குச் சாலை வரி 90 ரிங்கிட் மட்டுமே. மூன்று லிட்டர் கார் என்றால் 2,130 ரிங்கிட்! கார் வாங்கும்போது விலை ஒரு முறைதான். வரியோ ஆண்டுதோறும் வாசலில் வந்து நிற்கும்.

இரண்டாவதாக, கையிலுள்ள பணத்தைப் பங்கிடும் முறை. ஒருவரிடம் 18,000 ரிங்கிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஆறு பங்காக்குங்கள். நான்கு பங்கு, அதாவது 12,000 ரிங்கிட், காரின் விலைக்கு. ஒரு பங்கு, 3,000 ரிங்கிட், பெயர் மாற்றம், பரிசோதனை, காப்புறுதி, சாலை வரி ஆகியவற்றுக்கு. கடைசிப் பங்கு, 3,000 ரிங்கிட், வாங்கிய உடனே செய்ய வேண்டிய பழுதுக்கு. இந்தக் கடைசிப் பங்கைத்தான் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். பழைய கார் எதுவானாலும் எஞ்சின் எண்ணெய், பிரேக் எண்ணெய், நீர்க்குழாய்கள் ஆகியவற்றை மாற்றிவிட வேண்டும். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொள்ளுங்கள். ஓடும்போது அது அறுந்தால், இத்தகைய எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். சில நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை எஞ்சினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

முதன்முறை கார் வைத்திருப்பவருக்குக் காப்புறுதியில் சலுகையும் இராது. இழப்பீடு கோராமல் ஓர் ஆண்டு ஓட்டினால் 25 விழுக்காடு தள்ளுபடி. ஐந்தாண்டு ஓட்டினால் 55 விழுக்காடு. அந்தத் தள்ளுபடி ஓட்டுநரின் நிதானத்துக்குக் கிடைக்கும் பரிசு. அது காரோடு விலைக்கு வருவதில்லை.

கடன் வாங்குவோருக்கு ஒரு சொல். "மாதம் 400 ரிங்கிட்தானே" என்று வியாபாரி இனிமையாகச் சொல்வார். நீங்கள் உடனே பெருக்கிப் பாருங்கள். 60 மாதத்துக்கு 24,000 ரிங்கிட். அந்த விலைக்கு அந்தப் பழைய கார் தகுமா? இந்த ஒரு பெருக்கலைச் செய்தால் பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

மூன்றாவதாக, காரைப் பார்க்கும் முறை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கார் பார்ப்பதற்கும் அதுவே பொருந்தும். எழுத்தில் இருப்பது தெரிந்தது. எஞ்சினுக்குள் இருப்பது தெரியாதது. ஆகவே முதலில் பதிவுச் சான்றை, நம்மவர்கள் 'கிராண்ட்' என்று சொல்வதை, கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் உடற்கூட்டு எண்ணும் காரில் பொறித்திருப்பவற்றோடு ஒத்திருக்கின்றனவா? எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி இருக்கிறதா? விபத்தில் நொறுங்கிய இரண்டு கார்களை வெட்டி ஒட்டி ஒரு காராக்கி விற்பவர்களும் உண்டு. கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்து இருபுறமும் ஒரே அளவாக உள்ளதா என்று பாருங்கள். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகடு நெடுகத் தடவிப் பாருங்கள். சாயத்துக்கு அடியில் பூச்சு தடித்திருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்காது.

அடுத்து, கால் விரிப்பையும் பின்பெட்டி விரிப்பையும் தூக்குங்கள். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுங்கள். வெள்ளத்தில் நனைந்த பட்டையின் உள்பகுதியில் கறை தங்கியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், சக்கர அமைப்பில் கோளாறு இருப்பதைக் காட்டும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பது முக்கியம். நீங்கள் போகும் முன்பே வியாபாரி எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். எண்ணெய் மூடியின் உட்புறம் பாலாடைபோல் வெளுத்திருந்தால், எண்ணெயில் நீர் கலந்திருக்கக்கூடும். நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெயை எரிக்கிறது. சூடான பின்னும் வெண்புகை நில்லாவிட்டால் குளிர்நீர் உள்ளே கசிகிறது. ஓட்டும்போது இரண்டாம் கியரில் கரகரவென்று ஒலி வருகிறதா, பிரேக் மிதித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். தாழ்ந்த காராக இருந்தால், உங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் அதன் அடிவயிறு தட்டாமல் போகுமா என்றும் எண்ணிப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்காகச் செய்யும் பரிசோதனையில் தேறிவிட்டது என்பதால் வண்டி பத்தாண்டு உழைக்கும் என்று பொருளல்ல. உங்களுக்கு நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். எங்களைப் போன்ற வாத்தியார்களை மட்டும் நம்பாதீர்கள்.

நேயர்களே, சென்ற ஆண்டு அதே வீட்டின் இளைய மகன் எங்களிடம் வந்தார். அவர் கையில் 18,000 ரிங்கிட், அண்ணன் கைப்படாத தம் சொந்தச் சேமிப்பு. இம்முறை பட்டறைக்காரரும் உடன் வந்தார். முதல் காரின் பின்புறத்தில் ஜி.டி.ஐ. என்று பெரிதாக ஒட்டியிருந்தது. பதிவுச் சான்றிலோ 1,597 சி.சி. என்றிருந்தது. சாதாரணச் சத்ரியாவுக்கு மாறுவேடம்! இரண்டாவது, உண்மையான ஜி.டி.ஐ. ஆசையோடு தேடுவோர் மிகுந்துவிட்டதால் அதன் வயதைவிட விலை பெரிதாக இருந்தது. ஆறு பங்கையும் அதுவே விழுங்கிவிடும். தம்பியின் முகம் வாடிப்போனது. எங்களுக்கும் மனம் கேட்கவில்லை. எனினும் திரும்பி வந்தோம்.

மூன்றாவது, ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவரின் சத்ரியா நியோ. சாயம் மங்கியிருந்தது, பின்பக்கத்தில் ஒரு நெளிவு. ஆனால் பத்தாண்டு ரசீதுகளை ஒரு பிஸ்கட் தகரத்தில் அடுக்கி வைத்திருந்தார். எஞ்சின் குளிர்ந்த நிலையில் சுத்தமாகக் கிளம்பியது. 12,000 ரிங்கிட்டுக்குள் முடிந்தது. மீதிப் பணத்தில் பெல்ட், டயர், பிரேக் எல்லாம் புதிதாயின. அந்தத் தம்பி இப்போது விடுமுறை நாளில் மலைச்சாலையில் நிதானமாக ஓட்டி மகிழ்கிறார். வேகம் பார்க்க வேண்டுமென்றால் 1999-இல் திறந்த செப்பாங் ஓட்டத்திடல் இருக்கிறது, பிள்ளைகள் நடக்கும் தோட்டச் சாலையில் கூடாது என்று நாங்கள் சொன்னதற்கும் தலையாட்டியிருக்கிறார்.

அன்று பணம் கொடுக்கும் முன் அந்தத் தாயார் காரைச் சுற்றி வந்தார். சாயத்தைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து குனிந்து, "கால் விரிப்பைத் தூக்கிப் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார். "பார்த்தோம் அம்மா" என்றோம். இருந்தும் அவரே ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார்.

நீங்களும் அப்படியே செய்யுங்கள்.