பழைய குண்டானும் சேர்வராயன் மலையும்



விழா நெருங்கினால் இல்லந்தோறும் பரண் துப்புரவாகிறது. அடி நசுங்கிய அலுமினியக் குண்டானும் கைப்பிடி உடைந்த குக்கரும் கீழிறங்குகின்றன. ‘எடைக்குப் போட்டுவிடலாம்’ என்பதோடு அவற்றின் கதை முடிந்ததாக எண்ணப்படுகிறது. அக்கதை தொடங்கிய இடமோ மலை.

சேலத்தை அடுத்த சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் என்னும் தாது வெட்டி எடுக்கப்பட்டு, மேட்டூரில் அலுமினியமாக்கப்பட்டது. ஒரு டன் அலுமினியத்திற்கு ஏறத்தாழ 4 டன் தாது வேண்டும். அதற்கென மேல்மண்ணும், அதில் வேரூன்றிய மரமும், உள்ளே வாழும் புழுவும் முதலில் அகற்றப்படும். மண்ணையே உயிருடையதாகக் காணும் சமணர்க்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் காரமிக்க செஞ்சேறு தனியொரு கேடு.

இனி மின்சாரம். தாதுவில் அலுமினியம் ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்துள்ளது. அப்பிணைப்பை அறுக்க, டன் ஒன்றுக்குச் சுமார் 14,000 யூனிட் செலவாகிறது. பழைய குண்டானிலோ அப்பிணைப்பு முன்பே அறுக்கப்பட்டுவிட்டது. 660 பாகை செல்சியஸில் அது உருகிவிடும். ஆதலின் புதிய உலோகம் எடுப்பதற்காகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடே போதுமானது. தூய்மை கெடாதவரை எத்தனை முறையும் உருக்கலாம்.

கெடுவது கலப்பினால்தான். குக்கர் கைப்பிடியின் இரும்புத் திருகாணி கழற்றப்படாமல் உலைவரை சென்றால், உருகிய அலுமினியத்தில் இரும்பு கரைந்துவிடும். பின்னர் அதைப் பிரிப்பது மிகக் கடினம். இரும்பு மிகுந்த வார்ப்பு எளிதில் உடையும். அதனைச் சீர்செய்யப் புதிய அலுமினியம் கலக்க வேண்டும். அதற்கு மறுபடியும் மலையை நாட வேண்டும். எஃகோடு செம்புக்கம்பி கலந்தாலும் இதே இடர். பரண் துப்புரவு செய்வோர் கையில் ஒரு திருப்புளியும் இருத்தல் நலம்.

உருக்கிக்கொள்ளலாமே என்று ஆண்டுதோறும் புதுப்பாத்திரம் வாங்குவது மிகுபொருள் விரும்பாமைக்கு ஒவ்வாது. ஈயம் பூசிப் புழங்கிய பித்தளை அண்டாக்கள் மூன்று தலைமுறை கண்டவை.

இன்னொன்றும் கருதத்தக்கது. பழைய மின்கம்பியிலுள்ள செம்பிற்காக, அதன் உறையைத் திறந்தவெளியில் எரிப்போர் உண்டு. அப்புகை நஞ்சு, முதலில் அதனைச் சுவாசிப்பவர் எரிக்கும் ஏழைத் தொழிலாளியே. உறையை உரித்தெடுக்க இயந்திரங்கள் உள்ளன. கம்பியைக் கொடுக்குமுன், வாங்குவோர் அதனை எரிப்பவரா உரிப்பவரா என்று ஒரு சொல் கேட்டுக்கொள்ளலாம்.