மலை நீங்கிய மோங் மக்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

பிறந்த மண்ணை நீங்கி வாழும் நாம், நம்மினும் நெடுந்தொலைவு பெயர்ந்த ஓர் இனத்தின் வரலாற்றைக் கேட்பது பயனுடைத்து. ஆதலின் லாவோஸ் நாட்டு மோங் மக்களைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

தென்சீன மலைகளில் வாழ்ந்த இம்மக்களுள் ஒரு சாரார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே பெயர்ந்து, வியட்நாம், லாவோஸ் மலைகளில் குடியேறினர். காடு திருத்தி நெல்லும் சோளமும் விளைத்தனர். 1961-இல் அமெரிக்க உளவுத்துறை, வாங் பாவ் என்னும் மோங் படைத்தலைவரைக் கொண்டு மறைவாக ஒரு படை திரட்டியது. 1964 முதல் 1973 வரை லாவோஸின் மீது இருபது இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குண்டுகள் பொழியப்பட்டன. 1975 மே மாதத்தில் தலைவர்களையும் ஒரு சில ஆயிரவரையுமே விமானங்கள் ஏற்றிச் சென்றன. எஞ்சியோருள் பல்லாயிரவர் காட்டுவழி நடந்து, மூங்கிலைப் பற்றி மீகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்தில் அடைக்கலம் புகுந்தனர். ஆற்றிலே மாண்டோர் பலர்.

முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தோர் பின்னர் அமெரிக்கா, பிரான்சு, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றனர். அமெரிக்காவில் மட்டும் இன்று மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் உளர். அவர்கள் குலத்தினரான மீ மோவா என்னும் பெண்மணி 2002-இல் மின்னசோட்டா மாநில மேலவை உறுப்பினரானார்; சுனிசா லீ என்னும் நங்கை 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்றார்.

மோங் மொழிக்குப் பரவலான எழுத்து நெடுங்காலம் இல்லை. 1950-களின் தொடக்கத்தில் பாதிரிமார் ரோமன் எழுத்தில் ஒரு முறை வகுத்தனர். 1959-இல் ஷோங் லூ யாங் என்னும் கல்லாத உழவர் தாமே ஓர் எழுத்தைப் படைத்தார். ஆயினும் முதியோர் பலர் நம்பியது குரலையே. முகாமில் இருந்த தாய், கடல் கடந்த மகனுக்கு ஒலிநாடாவில் பேசி அனுப்பினாள். பிற்காலத்தில், தொலைபேசி எண் ஒன்றை அழைத்துப் பலரும் ஒருங்கே கேட்கும் வானொலி போன்றதோர் அமைப்பையும் கண்டனர். பெண்டிரோ போரையும் ஆறு கடந்த துயரையும் துணியில் தைத்து வரலாறாக்கினர்.

இவர்தம் ஈமச்சடங்கு நெஞ்சை உருக்குவது. குழந்தையின் நஞ்சுக்கொடியைப் பிறந்த வீட்டிலேயே புதைப்பது அவர் மரபு. மோங் மொழியில் அதற்குச் 'சட்டை' என்றே பெயர். ஒருவர் இறந்தால், அவர் வாழ்ந்த ஊர்களையெல்லாம் கடைசி ஊர் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, உயிரை வழிநடத்திப் பாடுவர். மூங்கிற் குழல்கள் பொருத்திய 'கெங்' என்னும் இசைக்கருவியும் சொற்களையே இசையாக்கி ஒலிக்கும். உயிர் பிறந்த வீட்டை அடைந்து, அச்சட்டையை அணிந்து, முன்னோரிடம் செல்லும் என்பது நம்பிக்கை.

அயல்நாட்டு மருத்துவமனையில் பிறந்த பேரனுக்குச் சட்டை எங்கே? தாத்தாவுக்கு வழிகூற அவனுக்கு மொழி ஏது? இக்கவலையாலேயே மோங் முதியோர் தம் இளைஞர்க்குக் கெங் இசையையும் மொழியையும் பயிற்றுகின்றனர்.

தாய்மார்களே! நம் ஊரின் பெயரையும், அங்கிருந்து இங்கு வந்த வழியையும் நம் குழந்தைகள் தமிழில் சொல்ல வல்லரா? இன்றிரவு வீட்டில் கேட்டுப் பாருங்கள். அறியாராயின், நாளையே சொல்லித் தருவோம்.