கையொப்பத்துக்கு முன் ஒரு சொல்

கலேவெலவுக்குத் திரும்பி வந்திருக்கும் உறவுகளே,

காணிப் படிவம் ஆங்கிலத்தில் வந்தால், தெரிந்த ஒற்றைச் சொல்லை வைத்துப் பொருள் கொள்ளாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல்தான் ஆளைக் கவிழ்ப்பது. 'கிவ்' என்றால் கொடு. 'கிவ் அப்' என்றால் விட்டுவிடு. உரிமையைக் 'கிவ் அப்' செய்வதாக எழுதியிருந்தால் காணியே போய்விடும். 'ஹேன்ட் இன்' என்பது படிவத்தைச் சமர்ப்பிப்பது. 'ஹேன்ட் ஓவர்' என்பது பொருளையே பிறர் கையில் ஒப்படைப்பது.

விசாரணை 'புட் ஒஃப்' என்றார்களா? லைட் ஒஃப் ஆனதுபோல் முடிந்துவிடவில்லை, தள்ளிப்போயிருக்கிறது. அடுத்த திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'டேர்ன் டவுன்' என்றால்தான் நிராகரிப்பு.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கேட்பதில் வெட்கம் என்ன? தமிழும் அரசகரும மொழி; மாத்தளை மாவட்டத்திலும் பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் கேட்கலாம். விளங்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.