நாலு பரப்பு வளவும் ஏழு பேர்ச் காணியும்

(யாழ்ப்பாணம் சென்று வந்த குழுவின் சார்பில் மகளிர் கல்வி வகுப்பில் நிகழ்த்திய உரை)



வீட்டுத் தோட்டமும் ஆடு மாடு வளர்ப்பும் எப்படி நடக்கிறது என்று பார்த்து வரும்படி சங்கம் எங்கள் எட்டுப் பேரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. நான்கு நாள் தங்கினோம். நல்லூருக்குப் போனது, நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தது எல்லாம் தேத்தண்ணி நேரத்தில் பேசிக்கொள்ளலாம். இங்கே போன வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறோம்.

முதல் நாளே எங்களைக் குழப்பியது ஒரு சொல். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர், "விடிய எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணி விட்டிட்டு வாறன்" என்றார். எந்தத் தோட்டம் ஐயா என்று கேட்டோம். "என்ர தோட்டம்தான்" என்றார். அங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போடுகிற நிலம். நாமும் "எங்க தோட்டம்" என்றுதான் சொல்கிறோம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சொல்கிறோம். அதில் ஒரு சாண் நம் பேரில் இல்லை. அந்தச் சொல்லை வைத்தே நம்மை இழிவாகக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. அதை இந்த மேடையில் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

நாங்கள் தங்கிய வீடு புத்தூர்ப் பக்கம். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் மட்டும் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். வளவு நான்கு பரப்பு. யாழ்ப்பாணக் கணக்கில் ஒரு பரப்பு என்பது 10 பேர்ச். 16 பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆக, 40 பேர்ச் வளவு. அதற்குள் வீடு, கிணறு, மாட்டுக்கொட்டில், ஆட்டுக்கொட்டில், கோழிக்கூடு. பால் கறக்கிற பசு ஒன்று, அதன் நாம்பன் கன்று, ஆடு ஐந்து, ஊர்க்கோழி பதினைந்துக்குக் குறையாது. மா, பலா, தேசி, மாதுளை, முருங்கை, தென்னை. எல்லையில் பனை. கிணற்றடியில் வாழை. குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஒரு வாய்க்காலில் வாழைக்குப் போகிறது. அந்த ஈரத்திலேயே வல்லாரையும் பொன்னாங்காணியும் படர்ந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. அடியில் சுண்ணாம்புக் கல், அதில் தேங்குகிற மழைத் தண்ணீர், அதை எடுக்கக் கிணறு. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதை வைத்துத்தான் ஆண்டை ஓட்ட வேண்டும். பீலியில் நாள் முழுவதும் தண்ணீர் விழுந்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்த வீட்டில் ஒரு வாளியைக் கையாளுகிற விதமே புதிதாக இருந்தது.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதில் கட்டிய வீடுகள் இப்போது அதிகம். இந்த வீட்டில் மூன்று பக்கம் இன்னும் உயிர்வேலி: கிளுவை, பூவரசு, முள்முருக்கு, நடுநடுவே சீமைக்கிளுவை. இந்தச் சீமைக்கிளுவையைத்தான் நாம் கிளிசிரிடியா என்கிறோம். நம் தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கிற அதே முள்முருக்கு அங்கே வேலியில் நிற்கிறது. நாம் அதன் கிளையை வெட்டித் தேயிலைக்கு அடியில் போடுகிறோம், பேர் போட்டுக்கொண்டு போகிறோம். டீச்சரம்மா காலையில் கொக்கத்தடியோடு வேலியைச் சுற்றி வந்து நாலு கிளை குழை இழுத்தால் ஆட்டுக்கு அன்றைய பாதித் தீனி முடிந்தது. மிஞ்சிய தடி அடுப்புக்கு. ஆட்டுப் புழுக்கை கத்தரிப் பாத்திக்கு. கத்தரியில் சொத்தை விழுந்தால் பசுவுக்கு. பூவரசங்குழையை நிலத்தில் தாழ்த்து எருவாக்குவது அந்த ஊரின் பழைய வழக்கம். அறுவடை முடிந்த வெறும் நிலத்தில் இரவில் மாட்டையும் ஆட்டையும் பட்டி அடைப்பதும் அப்படித்தான். ஆனால் கிணற்றுக்குப் பக்கத்தில் எருவைக் குவிக்க அவர் விடுவதில்லை. வலிகாமத்துக் கிணறுகளில் உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருப்பது அந்த ஊர் படித்தவர்கள் பல காலமாகப் பேசுகிற விஷயம். எருவும் அளவுக்கு மிஞ்சினால் அதே வேலையைச் செய்யும் என்றார்.

ஆடுகளில் இரண்டு நீளக்காது ஜமுனாபாரிக் கலப்பு. மறி ஒன்று சினை. ஐந்து மாதக் கணக்கு. கோழி அடை வைத்த நாளைக் கலண்டரில் வட்டம் போட்டு, இருபத்தோராம் நாளுக்கு இன்னொரு வட்டம் போட்டிருக்கிறார். குஞ்சு பொரித்ததும் அவருக்கு இரண்டு எதிரிகள், மேலே பிராந்து, கீழே கீரி. நாங்கள் இருந்த மூன்றாம் நாள் ஐயா கையில் இருந்த பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு கீரியைத் துரத்திய ஓட்டத்தைப் பார்த்து எங்கள் குழுவில் சிரிக்காதவர் இல்லை. சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். நம் லயத்துக்குக் கீழே சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப் போகிறது, பன்றி வந்து உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிண்டிப் போகிறது. அதற்கு யாரிடம் போய்ச் சொல்வது என்று நமக்கு இன்றைக்கும் தெரியாது.

இவ்வளவும் வைத்து மாதம் என்ன கிடைக்கும் என்று கணக்குக் கேட்டோம். சங்கக்காரர்கள் அல்லவா, அதைத்தானே கேட்போம். அவர் சிரித்தார். "இதுகளிட்ட லாப நட்டம் பாக்கேலாது பிள்ளையள். பென்சன் வருது. இது எங்கட ஆசைக்கு" என்றார்.

அன்று இரவு நாங்கள் படுத்துக்கொண்டு பேசியது அந்த 'ஆசைக்கு' என்ற சொல்லைத்தான். நம்மில் மாடு வைத்திருப்பவர் எத்தனையோ பேர். விடிய நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, சேகரிப்பு வண்டிக்குக் கொடுத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, திரும்பும்போது ஒரு கட்டுப் புல்லையும் தலையில் வைத்து வருகிற பெண்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சம்பளம் போதாத இடத்தை அந்தப் பசு அடைக்கிறது. ஆசை நமக்கும் உண்டு. டின்னிலும் உடைந்த வாளியிலும் ரோசாவும் டேலியாவும் வைத்து இஸ்தோப்பை அழகாக்காத லயம் எங்கே இருக்கிறது? ஏன் டின்னில் வைக்கிறோம்? தூக்கிக்கொண்டு போக வேண்டி வந்தால் போகலாம் என்றுதான். பலாக்கன்றை டின்னில் வைக்க முடியாது. கொட்டிலுக்குக் கூரை போடவே அனுமதி கேட்கிற இடத்தில், பத்து வருடம் கழித்துக் காய்க்கிற மரத்தை எவர் நடுவார்?

காணிக் கணக்குக்கு வருவோம். புதிய வீட்டுத் திட்டங்களில் நமக்கு 7 பேர்ச் என்றார்கள். பிறகு 10 பேர்ச் என்ற பேச்சு வந்தது. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மிச்சம் 1,350. அதில் மலசலகூடம், குழி, வாசல், சரிவை வெட்டிய மண் அணை, அடுத்த வீட்டுக்குப் போகிற பாதை. யாழ்ப்பாணத்தில் காணி பேசுவது பரப்புக் கணக்கில். நமக்குத் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச் ஒரு பரப்புக்கும் மூன்று பேர்ச் குறைவு. டீச்சரம்மாவின் வேலியை மட்டும் கொண்டுவந்து வைத்தால் நம் காணி நிறைந்துவிடும்.

ஒரு பழைய கதையையும் நினைவுபடுத்த வேண்டும். 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை அரசாங்கம் இறுக்கியது. யாழ்ப்பாணத்து விவசாயிக்கு அது கை நிறைந்த காலம். அதே ஆண்டுகளில்தான் நம் லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்றதை நம் அம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரே நாடு, ஒரே கொள்கை. நிலம் இருந்தவனுக்கு அது வருமானம், நிலம் இல்லாதவனுக்குப் பசி. 2022 ஜூனிலும் அப்படியே நடந்தது. வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். நமக்கு லீவும் இல்லை, கொத்த நிலமும் இல்லை.

யாழ்ப்பாணம் சொர்க்கம் என்று சொல்வதற்காக நாங்கள் இங்கே நிற்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய்க்கும் உரத்துக்கும் வழியில்லாமல் போனபோது இப்படிப்பட்ட வளவுகள் அங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமமே எழுந்து நடந்தபோது ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டுப் போனதை ஐயா சொன்னார். திரும்பி வந்து வேலிக்குக் கதியால் நட்டதில் இருந்துதான் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார்களாம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த உரை அரைப் பேர்தான். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டும் காணி இல்லாமல், பொதுக் கிணற்றில் வாளி போடவும் உரிமை இல்லாமல் வைக்கப்பட்ட சாதிகள் உண்டு. அவர்கள் போராடித்தான் கொஞ்சம் பெற்றார்கள். நம் மலையகத்துச் சிறு பிள்ளைகள் அங்கே வீட்டு வேலைக்குப் போய்ப் பிறருடைய மாட்டுக்குத் தண்ணீர் வைத்த கதையும் நமக்குத் தெரியும். 77லும் 83லும் அடிபட்டு வன்னிக்குப் போன நம் சொந்தங்களில் இன்றும் உறுதி இல்லாத காணியில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டோம், டீச்சரம்மா மழுப்பவில்லை. "ஓம், எல்லாருக்கும் வளவு இருக்கேல்லை. அது பிழைதான்" என்றார். அந்த நேர்மைக்காகவே அவர் வீட்டுப் பாலில் போட்ட தேத்தண்ணியை இன்னொரு கோப்பை குடித்தோம்.

20 பேர்ச் காணியும் உறுதியும் என்று நாம் கேட்கும்போது, "வீடு கட்டத்தானே, அவ்வளவு எதற்கு?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்கிறார்கள். வீட்டை மட்டும் காட்டிப் பேசினால் அந்தக் கேள்விக்கு நாம் தடுமாறுவோம். ஒரு பசுவுக்கும் கன்றுக்கும் கொட்டில் எவ்வளவு, எருக்குழி எவ்வளவு, நாலு பாத்தி மரக்கறி எவ்வளவு, ஒரு பலா, ஒரு கொய்யா, ஒரு வாழைக் குலைக்கு எவ்வளவு என்று அடிக்கணக்கில் காட்ட வேண்டும். உறுதி பெண்ணின் பேரிலும் எழுதப்பட வேண்டும். ஏனென்றால் அந்தக் கொட்டிலில் நாலு மணிக்கு நிற்பது யார் என்று நமக்குத் தெரியும்.

அதற்காக ஒரு தாள் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகப் போய் எழுத வேண்டும்: மாடு எத்தனை, கோழி எத்தனை, பாத்தி எத்தனை அடி, லயத்தைச் சுற்றி நம் ஆட்கள் நட்டு நிற்கிற மரம் எத்தனை, கொட்டில் பிடுங்கச் சொன்ன சம்பவம் இருந்தால் எந்த ஆண்டு. டின்னில் இருக்கிற ரோசாவையும் எழுதுங்கள். மாவட்டக் கூட்டத்துக்கு முதல் வாரம் தாள்கள் காரியாலயத்துக்கு வந்துவிட வேண்டும். வாசலில் இரண்டு தங்கச்சிமார் தாள்களோடு நிற்கிறார்கள். கமிட்டிக்கு மூன்று வாங்கிப் போங்கள். மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் தனித்தனியாக.