திவசத்தில் ஏன் மிளகாய் இல்லை?
(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வடக்கே உத்தியோகம் பார்த்தபோது ஒரு வருஷம் அப்பாவின் திவசத்துக்குப் புதிதாக ஒருவர் சமைக்க வந்தார். பழக்கதோஷத்தில் கூட்டில் இரண்டு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டார். அம்மா உட்கார்ந்து அழுதுவிட்டாள். மறுபடி அடுப்பேற்றிச் சமைத்தோம். அப்போது என் பையன் கேட்டான்: "தாத்தா மோர் மிளகாய் இல்லாம தயிர் சாதமே சாப்பிட மாட்டாரே, அவருக்குப் பிடிச்சதை ஏன் போடக்கூடாது?" "வழக்கமில்லைடா" என்றாள் அம்மா. எனக்கும் வேறு பதில் தெரியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

மிளகாய் நம் ஊர்ச் சரக்கே அல்ல. மெக்ஸிகோ பகுதியில் ஆறாயிரம் வருஷங்களுக்கும் முன்பிருந்தே மக்கள் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். 1492-ல் மிளகைத் தேடிக் கிளம்பிய கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளில் கண்டது இதைத்தான். 1498-ல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததும் மிளகுக்காகத்தான். பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மிளகாயை இங்கே கொண்டுவந்தார்கள். மிளகு வாங்க வந்தவர்களே மிளகுக்குப் போட்டியை இறக்கிவிட்டார்கள்! மிளகைப் போலக் காரமான காய் என்றுதான் நாமும் பெயர் வைத்தோம். அதற்கு முன் மிளகு, இஞ்சி, திப்பிலி, கடுகுதான் காரம்.

திவசத்தில் சேர்க்காத தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள். தினசரிச் சமையல் மாறிய பிறகும் அந்த ஒரு நாள் சமையல் பழையபடியே நின்றுவிட்டது என்பது என் அபிப்பிராயம். முருங்கைக்காய் போன்ற பழைய காய்களை விலக்கும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இது ஒன்றே காரணம் என்று சாதிக்க மாட்டேன். பையனிடம் இதைச் சொன்னேன். "அப்போ தாத்தாவோட தாத்தாவுக்கும் தாத்தா மிளகாயையே பாத்திருக்க மாட்டாரா?" என்றான். இன்னும் பல தலைமுறை முன்னால் போகணும்டா என்றேன்.

காரத்தின் சங்கதி விசித்திரமானது. அது விதையில் இல்லை. விதையைத் தாங்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. கேப்சைசின் என்று பெயர். சூட்டை உணரும் நரம்பு முனைகளையே அது தூண்டுவதால் நாக்கு வெந்த மாதிரி இருக்கிறது. அந்த உணர்வியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கு இந்தக் காரம் உறைப்பதில்லை. நம்மைப் போல விதையை மென்று பாழாக்காமல் விழுங்கித் தூரத்தில் போடுகின்றன. செடிக்கு வேண்டியதும் அதுதான். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகவே உறைத்தால் தண்ணீர் குடிக்காதீர்கள், தயிர் சாப்பிடுங்கள்.

வீட்டில் வளர்ப்பது சுலபம். நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் தொட்டிக்கு மாற்றுங்கள். நல்ல வெயில் வேண்டும்; தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். இலை சுருண்டால் அடியில் பேன் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். ராமநாதபுரம் குண்டு மிளகாய் விதை கொஞ்சம் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டும் மாமிகள் காபி நேரத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.