விளக்கின் அடியில் ஓர் ஊர்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



விழிஞ்ஞத்துக் கடலில் இரவெல்லாம் மீன்பிடித்து மீளும் படகோட்டிகளுக்கு, குன்றின்மேல் 1972 முதல் ஒளி வீசிவரும் கலங்கரை விளக்கம் நெடுந்தொலைவிலேயே தெரியும். அதன் அடியிலுள்ள வீடுகளின் சிறு விளக்குகளோ தெரியமாட்டா. பேரொளி சிற்றொளியை விழுங்கிவிடுகிறது. வானநூலார்க்கும் இவ்விடர்ப்பாடே நேர்ந்தது.

நம் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் எழுந்த 1963ஆம் ஆண்டிலேதான், மார்ட்டன் ஷ்மிட் என்னும் அறிஞர், விண்மீன்போல் தோன்றிய 3சி 273 என்ற ஒளிப்புள்ளி 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பாலுள்ளது எனக் கண்டார். இத்தகையவற்றைக் குவாசர் என்பர். மாபெருங் கருந்துளையுள் விழப்போகும் வாயு, விழுமுன் கொதித்துச் சுடர்கின்ற ஒளியே அது. அவ்விளக்கைத் தாங்கும் ஊர், நம் பால்வீதி போன்றதொரு விண்மீன் மண்டலம். அங்கே புதிய விண்மீன்கள் பிறக்கின்றனவா என்பதே வினா.

விண்மீன்கள் பிறப்பது வாயுவும் தூசும் செறிந்த முகில்களில். இளம் விண்மீன்களின் ஒளியைத் தூசு உண்டு, வெம்மையுற்று, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிராக உமிழ்கிறது. பிரபஞ்சம் விரிதலால் அக்கதிர் வழியிலேயே நீண்டு, மில்லிமீட்டர் அளவுள்ள அலையாக நம்மை அடைகிறது. அவ்வலையில் நோக்கினால் விளக்கின் கூச்சம் அடங்கி, ஊர் துலங்கும்.

பிரான்சு நாட்டு ஆல்ப்சு மலைமேலுள்ள வானொலித் தட்டுகளைக்கொண்டு ஜே1148+5251 என்ற குவாசரை அவ்வாறு நோக்கி, 2009இல் முடிவை வெளியிட்டனர். பிரபஞ்சத்துக்கு 100 கோடி ஆண்டும் நிறையாத காலத்தே புறப்பட்ட ஒளி அது! நம் பால்வீதி முழுவதும் ஆண்டுக்கு ஓரிரு ஞாயிறுகளுக்கு ஈடான விண்மீன்களையே ஈனுகின்றது. அங்கோ, 5000 ஒளியாண்டு அகலமேயுள்ள நடுப்பகுதியில் ஆண்டுக்கு 1000 ஞாயிறுகள் என்ற அளவில் பிறப்பு நிகழ்ந்திருக்கிறது. எந்த மருத்துவச்சி ஈடுகொடுப்பாள்! எனினும், தூசைச் சூடேற்றியதில் குவாசருக்கும் பங்குண்டாகலின், இத்தகைய கணக்குகளைச் சற்றுக் குறைத்தே கொள்வது நன்று.

இனி, வழக்கு ஒன்று உளது. கருந்துளையிலிருந்து எழும் பெருங்காற்று வாயுவை வெளியே தள்ளிப் பிறப்பையே நிறுத்திவிடும் என்பர் ஒருசாரார். அக்காற்றே வாயுவை நெருக்கிச் சில இடங்களில் பிறப்பைத் தூண்டவுங்கூடும் என்பர் மற்றொரு சாரார். ஜே1148+5251இல் அக்காற்றைக் கண்டதாக 2012இல் அறிவித்தனர். 2022இல் மேலும் கூர்மையாக நோக்கியவர்கள் அதற்குச் சான்றில்லை என்றனர். காற்று உண்டென்பதை நாமும் மறுக்கவில்லை. ஆயின் ஊரெல்லாம் அழிந்ததற்கு அதனையே குற்றவாளியாக்குதல் அவசரத் தீர்ப்பாகும்.

2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களிலிருந்து குவாசரின் ஒளியைக் கழித்து, அத்துணைத் தொலைவிலுள்ள இரு மண்டலங்களின் சொந்த விண்மீன் ஒளியையே பிரித்துக் கண்டனர். அவற்றுள் ஒன்றான ஜே2236+0032இன் நிறமாலையைப் பின்னர் ஆராய்ந்தபோது, அங்கே பெரும்பிறப்பு முன்னரே நிகழ்ந்து ஓய்ந்துவிட்டதற்கான அடையாளங்கள் கிட்டின. விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.