கைப்பேசியும் யோசனை சக்தியும்
(மந்தாரக்குப்பத்தில் பேசியது)



இன்டர்நெட்டினால் மனிதனுடைய கவனமும் யோசனை சக்தியும் என்ன ஆகின்றன என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம். அதற்குமுன் உங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று. 1935 வாக்கில் இந்த நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு இறக்கியபோது தண்ணீரோடு கருப்பாய் ஏதோ வந்தது. பூமாதேவிக்குக் கோபம் என்று கற்பூரம் கொளுத்தியிருக்கலாம். அவரோ இது என்ன என்று கேட்டார், சர்க்காருக்குத் தெரிவித்தார். பிறகு பூமியைத் துளைத்து, வருஷக் கணக்கில் ஆராய்ந்து, 1956-ல் நிலக்கரிக் கம்பெனி ஏற்பட்டது. ஒரு கேள்வியை இருபது வருஷம் விடாமல் பிடித்திருந்தார்கள்!

இன்று நம்மால் ஒரு கேள்வியை எவ்வளவு நேரம் பிடித்திருக்க முடிகிறது? கலிபோர்னியா சர்வகலாசாலையில் குளோரியா மார்க் என்னும் அம்மையார் இதை அளந்து பார்த்திருக்கிறார். திரையில் ஒன்றைப் பார்ப்பவர் அடுத்ததற்குத் தாவுமுன் அதில் நின்ற நேரம் 2004-ல் சராசரி இரண்டரை நிமிஷம்; 2012-ல் 75 விநாடி; அதற்குப் பிந்திய வருஷங்களில் 47 விநாடி. இதனால் மூளையே சுருங்கிப் போயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. இருப்பதைப் பெருக்கிச் சொல்ல நான் புராணப் பிரசங்கியல்ல. ஆனால் 47 விநாடியில் எதையாவது சந்தேகிக்க முடியுமா என்று யோசியுங்கள்.

சந்தேகத்துக்குச் சாவகாசம் வேண்டும். "சாஸ்திரம் சொல்லுகிறது, யோசிக்காதே" என்றான் புரோகிதன். அவனை எதிர்த்துக் கேட்கலாம், கேட்டோம். இந்தக் கருவி யோசிக்காதே என்று சொல்லுவதே இல்லை. யோசிக்கத் தொடங்கும்போது மணியடித்து அடுத்ததைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் விளம்பரக்காரன் பணம் கொடுப்பான். கோயில் மணிக்கு எழாத நம் தோழர்களும் இந்த மணிக்கு எழுகிறார்கள்!

மூடநம்பிக்கைக்கு இன்டர்நெட் வேண்டுமென்பதில்லை. 1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஒரே நாளில் நாடெங்கும் புரளி பரவியது. இன்டர்நெட் இந்நாட்டுப் பொதுமக்களுக்கு வந்ததோ அதற்கு முந்திய மாதந்தான். சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து கொடுத்தார்கள்; கரண்டிப் பால் சிலைமேல் மெல்லிய படலமாய் வழிந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அன்று நஷ்டம் பாலோடு போயிற்று.

2018 மே மாதம் திருவண்ணாமலை ஜில்லாவில், போளூருக்குப் பக்கத்தில், குலதெய்வத்தைக் கும்பிடக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்டது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் ஒரு 65 வயது மூதாட்டி. பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் அடித்தது, அம்மூதாட்டி செத்தார். பிள்ளை பிடிப்பவர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்திகள் சுற்றிய நேரம் அது. அந்த வருஷம் இந்தியாவில் அப்படிச் சுற்றிய ஒரு படம் பாகிஸ்தானிலே, கராச்சியில், பெற்றோரை எச்சரிக்க எடுத்தது. அதன் கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்தக் கடைசிப் பாகத்தை எவனோ வெட்டிவிட்டான். படம் பாதியில் நிற்கிறதே என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? பார்த்தார்கள், பயந்தார்கள், பத்துப் பேருக்குத் தள்ளினார்கள். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி, ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் தள்ளக்கூடாது என்று இந்தியாவுக்கு வரம்பு கட்டியது. நம் கைக்கு நாம் கட்டவேண்டிய வரம்பை வியாபாரி வந்து கட்டவேண்டியதாயிற்று; வெட்கக்கேடு!

அப்படியானால் கைப்பேசியை உடைத்தெறிவதா? கூடாது. படிக்கக்கூடாது என்று ஆயிரம் வருஷம் தள்ளி வைக்கப்பட்டவன் வீட்டுப் பெண் இன்று வைத்திய சாஸ்திரத்தைத் திண்ணையில் உட்கார்ந்து படிக்கலாம். அதை எவனும் பிடுங்க விடமாட்டோம்.

முன்பு 'குடி அரசு' வந்தால் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டு, ஒரு வரிக்கு ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவரும் அதில் வாதம் செய்தார். அதையே இங்கே ஞாயிற்றுக்கிழமை தோறும் வைத்துக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். கைப்பேசிகளை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு ஒரே ஒரு கட்டுரை. ஒரு மணி நேரம். என் கைப்பேசியை முதலில் போடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேச்சைத் தயாரிக்கும்போது நானே எத்தனையோ தடவை அதை எடுத்துப் பார்த்தேன். கூடை கொண்டுவருகிறவர் யார் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.